வசனம் சொல்வதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. மனக்கவலைக்கும் குடும்பச் சண்டைக்கும் போதகரிடம் போவது வீண், டாக்டரிடமும் வக்கீலிடமும்தான் போக வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஜெபத்தால் ஆகாதது எதுவுமில்லை, டாக்டரும் வக்கீலும் எதற்கு என்று இன்னொருவர். இரண்டையும் இரண்டு தடவை வாசித்தேன். என் வீட்டில் நடந்ததற்கு இரண்டுமே பொருந்தவில்லை. ஒரு குருவானவரின் ஆலோசனையைக் கேட்டு என் மகளை அடிக்கிற கையிடமே திருப்பி அனுப்பினேன். இன்னொரு குருவானவர் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து கேட்டதால்தான் அவள் மறுபடி எழுந்து நடந்தாள். அதனால் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் 34 வருடம் வேலை பார்த்து, 2012 மே மாதம் ஓய்வு பெற்றேன். வீட்டுக்காரர் 2008-லேயே தவறிவிட்டார். இரண்டு வருடம் கழித்து மகளுக்குத் தனியாளாக நின்று கல்யாணம் பண்ணி வைத்தேன். மாப்பிள்ளை படித்தவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார், பாடகர் குழுவில் பாடுவார். இதற்கு மேல் என்ன விசாரிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

2012 ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம், கைக்குழந்தையும் ஒரு பையுமாக மகள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். இடது கையில் தோள் வரைக்கும் கன்றிப்போயிருந்தது. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அப்போதிருந்த குருவானவருக்குப் போன் போட்டேன். அன்று ராத்திரியே வந்தார். சின்ன வயது. அவர் பொறுப்பில் இருந்த சேகரத்தில் ஏழு கோயில். அந்த வாரம் மட்டும் மூன்று கல்யாணம், ஒரு அடக்க ஆராதனை. அவர் கெட்டவர் இல்லை. எங்களோடு சேர்ந்து கண்ணீர்விட்டு ஜெபித்தவர்தான். மறுநாள் மாப்பிள்ளையையும் வரச்சொன்னார். மாப்பிள்ளை முழங்காலில் நின்று அழுதார். குருவானவர் பேதுருவின் நிருபத்திலிருந்து மனைவிகளுக்குச் சொன்ன பகுதியை வாசித்தார். தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன் என்றார். "சகிச்சுக்கோம்மா, உன் ஜெபம் அவரை மாத்தும்" என்று சொல்லி, இரண்டு பேர் கையையும் சேர்த்து வைத்து ஜெபித்தார். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் இருக்கும்.

அந்த முக்கால் மணி நேரத்தில் ஒருவரும் அவளைத் தனியாக உட்காரவைத்து "என்னம்மா நடந்தது?" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஊரில் 'வாழாவெட்டி' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதுதான் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை காலையில் அவள் பையை நானே தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் என் பக்கம் திரும்பவில்லை. எதிர்ப்பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு முடியவில்லை. அந்த வாரம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில், யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்ற ஜெபக்குறிப்பு வாசித்தார்கள். "டீச்சர் மகளோட குடும்ப சமாதானத்துக்காக" என்று ஆரம்பித்து, குடி, அடி, கையில் காயம் என்று எல்லாமே வந்துவிட்டது. வாசித்தவர் உண்மையான பாரத்தோடுதான் வாசித்தார். ஆனால் பத்து நாளில் பேச்சு சம்பந்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. 'வெளியே சொன்னதற்காக' மகளுக்கு அங்கே தனியாக ஒரு தண்டனை கிடைத்தது. இதை அவள் என்னிடம் சொல்ல நான்கு வருடம் ஆனது. இப்போது ஜெபக்குறிப்புகள் வாட்ஸ்அப்பில் போகின்றன. பெயரோடு, ஊரோடு, சில சமயம் ஆஸ்பத்திரிச் சீட்டின் படத்தோடு போகின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

2015 நவம்பர், நல்ல மழை. மகள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை மணிக்கட்டில் மாவுக்கட்டு. கூட நான்கு வயதுப் பேத்தி. எங்கள் சேகரத்துக்கு அப்போது புதிதாக ஒரு குருவானவர் மாறுதலாகி வந்திருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிடப் பயமாக இருந்தது. எப்படியோ கேள்விப்பட்டு, தம் மனைவியோடு வந்து வாசலில் நின்று, "உள்ளே வரலாமா டீச்சர்?" என்று கேட்டார். தார்சாவில் உட்கார்ந்தார். பையிலிருந்து வேதாகமத்தை எடுக்கவில்லை. மகளைப் பார்த்து முதலில் கேட்டது, "சாப்பிட்டியாம்மா?"

இரண்டு நாளாக அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, "எனக்கும் பசிக்குது டீச்சர், என்ன இருக்கோ கொடுங்க" என்றார். கஞ்சியும் கானத்துவையலும் இருந்தன. எல்லாருமாக உட்கார்ந்து குடித்தோம். அவர் குடிப்பதைப் பார்த்து அவளும் நாலு வாய் குடித்தாள். சாகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் கீழே படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்துவிட்டு எழுப்பி, சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டான் என்று பல மாதம் கழித்து ஒரு ஞாயிறு அவர் பிரசங்கித்தபோது எனக்கு அந்தக் கஞ்சி ஞாபகம் வந்தது.

அப்புறம் நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். அவர் மனைவி தூரத்தில், பார்க்கிற இடத்தில், பேச்சுக் கேட்காத இடத்தில், பேத்தியோடு விளையாடிக்கொண்டிருந்தார். பிற்பாடு தெரிந்தது, அது அவர் தமக்கு வைத்துக்கொண்ட ஒழுங்கு. எந்தப் பெண்ணோடும் கதவைச் சாத்திக்கொண்டு பேசமாட்டார். இரண்டு மணி நேரம் போனது. அவர் பேசியது மிகவும் கொஞ்சம் என்று மகள் சொன்னாள். "நீ சொல்றதை நான் நம்புறேன்" என்றாராம். "நீ சரின்னு சொல்லாம இதுல ஒரு வார்த்தை வெளியே போகாது. உன் உயிருக்கோ பிள்ளை உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன். அப்பவும் உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்றாராம். கடைசியாக, "அடுத்த வியாழக்கிழமை வர்றேன்." சொன்னபடி வந்தார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்: 14 வியாழக்கிழமை.

அந்த வியாழக்கிழமைகளில் ஒன்றில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர் திருந்திவிட்டார், மன்னிப்புக் கேட்கிறார், கிறிஸ்தவப் பெண் மன்னிக்க வேண்டாமா என்றார்கள். மகள் ஆடிப்போய்விட்டாள். மன்னிக்காவிட்டால் பாவம், மன்னித்தால் திரும்பிப் போக வேண்டும் என்று அவள் மனதில் இருந்தது. எனக்கும் அப்படித்தான். குருவானவர் அன்று சாமுவேலின் புத்தகத்தை எடுத்தார். சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது அங்கேயே நின்று ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை, அன்று ராத்திரியே ஓடித் தப்பினான். பிறகு குகையில் சவுல் தன் கையில் சிக்கியும் தாவீது அவனைக் கொல்லாமல் விட்டான். மன்னிப்பு என்றால் அதுதான். ஆனால் கடைசியில் சவுல், "நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா" என்று கூப்பிடுகிறான். தாவீது என்ன செய்தான்? ராஜாவின் ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டுத் தன் வழியே போனான், அரமனைக்குத் திரும்பவில்லை. இந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனை வருடம் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! படம் வரைந்துகூடக் காட்டியிருக்கிறேன். மன்னிப்பதும் திரும்பிப் போவதும் வேறு வேறு என்று அதற்குள் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

மல்கியா தீர்க்கதரிசியின் வசனத்தையும் அவர் விட்டுவிடவில்லை. "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்று விவாகரத்தைப் பற்றிச் சொல்கிற பாதி எங்கள் ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். அதே வசனத்தில் அடுத்ததாகவே கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனைப் பற்றி வருகிறது. அந்தப் பாதியை எந்தக் குடும்பப் பஞ்சாயத்திலும் நான் கேட்டதில்லை.

சட்டம் தமக்குத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்பினார். அங்கே போனபிறகுதான் நானும் தெரிந்துகொண்டேன். கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-ஆம் வருடத்தது. முதலில் அதில் கணவனுக்கு மனைவியின் நடத்தை தவறு என்ற ஒரு காரணமே போதும். மனைவிக்கோ, எவ்வளவு அடிபட்டாலும் அது மட்டும் போதாது, அதோடு அவனுக்கு வேறு பெண் தொடர்பும் இருந்ததாகக் காட்ட வேண்டும். 2001-இல்தான் அதைத் திருத்தினார்கள். இப்போது கொடுமை ஒன்றே போதும். 130 வருடத்துக்கு மேல் எங்கள் பாட்டிமாரும் பெரியம்மாமாரும் 'சகித்துக்கொண்டதில்' விசுவாசம் எவ்வளவு, வேறு வழியே இல்லாதது எவ்வளவு என்று இப்போது யோசிக்கிறேன். 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இன்னொன்று. விவாகரத்துக் கேட்காமலே பாதுகாப்பு ஆணை கேட்கலாம். மாவட்டத்தில் அதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்கு நானும் மகளும் குருவானவரின் மனைவியும் போனோம். அலுவலகத்தில் இருந்த அம்மா நிதானமாக எழுதிக்கொண்டார். அதன் பிறகுதான் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வருவது நின்றது.

வெளி ஆபத்து குறைந்ததும் உள்ளே ஆரம்பித்தது. ராத்திரி ஐந்து தடவை, ஆறு தடவை எழுந்து கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கையில் இருப்பது கீழே விழும். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு விட முடியலம்மா, செத்துருவேன் போலருக்கு" என்றாள். ஈ.சி.ஜி. எடுத்தோம், இருதயத்தில் ஒன்றுமில்லை. குருவானவர், "இது எனக்குத் தெரிஞ்ச வேலை இல்லை டீச்சர். டாக்டரைப் பார்க்கணும். நானும் வர்றேன்" என்றார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு எங்களோடு பஸ்ஸில் வந்து, சீட்டு வாங்கும் வரிசையிலும் நின்றார். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, வேலை செய்ய சில வாரம் ஆகும், சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்றார்.

நிறுத்தினோம். உறவில் ஜெபிக்கிற அம்மா ஒருவர் வந்து, தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை, மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்றார். மகள் மூன்று வாரம் மாத்திரையைத் தொடவில்லை. அந்த மூன்று வாரத்தைப் பற்றி இங்கே எழுதவில்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். குருவானவர் தெரிந்து வந்தபோது கோபப்படவில்லை. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வருகிற பலவீனத்துக்கு, "இன்னும் ஜெபி" என்று எழுதாமல் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னவர் பவுல் அப்போஸ்தலர்தான் என்று எடுத்துக்காட்டினார். "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று எழுதிய அதே பவுல், எல்லாச் சபைகளைக் குறித்த கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது என்றும் எழுதியிருக்கிறார். முதல் வசனம் காலண்டரில் அச்சாகிறது, இரண்டாவது ஆவதில்லை. இயேசு ஆண்டவரே கெத்செமனேயில், தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று சொல்லி, சீஷர்களிடம் கேட்டது ஒன்றுதான்: இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள். அதைக்கூட அவர்களால் செய்ய முடியவில்லை.

ஜெபிக்க முடியவில்லை என்று மகள் அழுதபோது அவர் 88-ஆம் சங்கீதத்தைக் கொடுத்தார். மற்றச் சங்கீதங்களில் பெரும்பாலானவை அழுதுகொண்டு ஆரம்பித்தாலும் முடிவில் நம்பிக்கையாகவோ துதியாகவோ மாறிவிடும். இதில் கடைசி வரி வரை விடியாது. நண்பர்கள் எல்லாம் தூரமாகிவிட்டார்கள் என்ற புலம்பலோடு நின்றுவிடும். "இதுவும் வேதத்துல இருக்குதும்மா. இதையும் ஒருத்தர் தேவனைப் பார்த்துத்தான் சொன்னார்" என்றார். அவள் அதைப் பல மாதம் தினமும் வாசித்தாள். எனக்கு முதலில் பயமாக இருந்தது. இருட்டான சங்கீதத்தை எதற்குத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள் என்று. அவளுக்கு அதுதான் ஜெபமாக இருந்தது.

என்னையும் அவர் விடவில்லை. ஒரு வியாழக்கிழமை போகும்போது வாசலில் நின்று, "நீங்க மகள்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா டீச்சர்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ராப்பகலாக அவளுக்காக ஓடிக்கொண்டிருக்கிறேனே, இதற்கு மேல் என்ன? "அவ மன்னிக்கணும்னு கேட்காதீங்க. அது அவ பாடு. நீங்க செஞ்சதை மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மூன்று வாரம் ஆனது. ஒருநாள் காலையில் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னேன்: "உன் பையை நான்தான் தூக்கிட்டு வந்தேன். உன்கிட்ட ஒண்ணும் கேட்காம பஸ் ஏத்திவிட்டேன்." அவள் ஒன்றும் பேசவில்லை. காப்பியைக் குடித்து முடித்தாள். அன்று சாயங்காலம்தான் முதல் தடவையாக 2012-இல் நடந்ததை என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். ஜெபக்குறிப்பு விஷயம் சில மாதம் கழித்து வந்தது.

ஐயா, இதை எங்கள் சபைப் பத்திரிகைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் குருவானவர் 2019-இல் மாறுதலாகிப் போனார். நல்லவர் வந்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் விதி என்று எத்தனை வீடுகள் இருக்க முடியும்? இது ஒரு மனிதரின் நல்ல குணத்தை நம்பி விடுகிற காரியமா? இறையியல் கல்லூரிகளில் ஆற்றுப்படுத்துதல், அதாவது கவுன்சலிங், பாடமாக இருக்கிறது. ஆனால் படித்து வந்தவரைக் கட்டடக் கமிட்டி, அசனப் பண்டிகை, பள்ளிக்கூட வழக்கு, தேர்தல் என்று ஓடவிட்டுவிட்டு, ஒரு குடும்பம் உடையும்போது முக்கால் மணி நேரம் கொடுக்கிறோம். அந்த முதல் குருவானவருக்கும் யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால், அவர் பாரத்தையும் யாராவது கேட்டிருந்தால், வேறு மாதிரி செய்திருப்பார் என்றுதான் நம்புகிறேன்.

சபைப் பெரியவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வாரத்தில் ஒரு சாயங்காலம் குருவானவருக்கு வேறு எந்த வேலையும் வைக்காதீர்கள். அவர் கேட்பதற்காகவே இருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியட்டும். ஜெபக்குறிப்பில் ஒருவர் பெயரைச் சேர்க்குமுன் அவரிடம் கேளுங்கள். அடிபட்டு வந்தவளையும் அடித்தவரையும் ஒரே பாயில் உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். அவர் எதிரில் அவள் எப்படி வாய் திறப்பாள்? கோயில் அறிவிப்புப் பலகையில் பெண்கள் உதவி எண் 181-ஐயும், மனநல உதவிக்கான 14416-ஐயும் எழுதிப் போடுங்கள். இரண்டும் ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். 14416-இல் தமிழிலேயே பேசலாம். நாங்கள் தவித்த காலத்தில் இந்த இரண்டு எண்ணும் இங்கே இல்லை.

டாக்டரும் ஜெபமும் எதிரும் புதிருமாக எழுதிய இரண்டு வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் தொடங்கிய வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பாகாயத்தில் மனநல மையம் இருக்கிறது. அங்கே நோயாளியைச் சேர்த்துவிட்டு வீட்டார் போய்விட முடியாது. ஒருவராவது கூடவே தங்க வேண்டும். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையமான சிநேகாவில் தன்னார்வலர்கள் செய்கிற முக்கியமான வேலையே கேட்பதுதான். வேதத்தில், துன்பத்தில் கிடந்த யோபுவின் மூன்று நண்பர்களும் முதல் ஏழு நாள் செய்தது அதுதான்: ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடுகூடத் தரையிலே உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தபிறகுதான் எல்லாம் கெட்டது.

மகளுக்கு 2018-இல் விவாகரத்துத் தீர்ப்பு ஆனது. இப்போது வேலைக்குப் போகிறாள். மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். தாழ்ப்பாளை இன்னும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறாள், ஒரு தடவைதான். பேத்தி ஒன்பதாம் வகுப்பு.

இந்தக் கடிதத்தை அனுப்புமுன் மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தாள். மாத்திரையை நிறுத்திய அந்த மூன்று வாரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன்; அதைப் பென்சிலால் அடித்துவிட்டு, "இது மட்டும் வேண்டாம்மா, மத்ததை அனுப்புங்க" என்றாள். அடித்ததை எடுத்துவிட்டேன். எங்கள் பெயரையும் ஊரையும் நீங்களும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்